நியூசிலாந்தின் ஹரகெகே நார்: மாவோரி வழக்கமும் காலனி கால வியாபாரமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்து வரலாற்றைப் படிக்கும்போது கம்பளி, தங்கம், திமிங்கில வேட்டை ஆகியவற்றோடு ஒரு செடியின் பெயரும் திரும்பத் திரும்ப வரும். அந்நாட்டின் சதுப்பு நிலங்களில் தானாக வளர்கிற ஹரகெகே அது. அதன் நாரை வைத்து மாவோரி என்ற பூர்வகுடி மக்கள் கூட்டமே உடுத்தியது, மீன் பிடித்தது, வீடு கட்டியது. பிறகு அதே நாருக்காகக் கப்பல்கள் வந்தன, துப்பாக்கிகள் வந்தன, ஆலைகள் வந்தன. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழுகிற கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் இதை ஃப்ளாக்ஸ், அதாவது ஆளி என்கிறார்களே, இது நம் ஆளி விதைச் செடியா?

இல்லை. இரண்டுக்கும் உறவே கிடையாது. ஆளி முழங்காலைத் தாண்டும் அளவுக்கு வளர்கிற மெல்லிய தண்டுள்ள பயிர். அதன் நார் தண்டில் இருக்கிறது. ஹரகெகே வாள் போன்ற நீண்ட மடல்கள் விசிறியாக விரியும் புதர். மடல் 3 மீட்டர் வரை நீளும், நார் அந்த மடலுக்குள் ஓடுகிறது. 1769-ல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்தவர்கள் மாவோரி மக்களின் உடையையும் கயிற்றையும் பார்த்து, தங்களுக்குத் தெரிந்த நார்ச் செடியின் பெயரை இதற்கு வைத்துவிட்டார்கள். தாவரவியல் பெயர் ஃபோர்மியம் டெனாக்ஸ். மலைப்பாங்கான இடங்களில் வளரும் சிறிய இனம் ஒன்றும் உண்டு, அதற்கு ஃபரரிக்கி என்று பெயர்.

நம் ஊரில் இதற்கு இணை தேடினால் ஆளியை விட்டுவிட்டு வேலியோரத்து ரயில் கற்றாழையை நினைத்துக்கொள்ளுங்கள். மடலைச் சுரண்டிச் சோற்றை நீக்கி நார் எடுக்கும் வேலை இரண்டுக்கும் பொது.

வெள்ளையர் வருவதற்கு முன் மாவோரி மக்கள் இதை எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள்?

ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டில் பாலினீசியத் தீவுகளிலிருந்து படகேறி வந்தவர்கள் மாவோரிகளின் முன்னோர். அவர்கள் பழகிய துணி, காகித மல்பெரி மரப்பட்டையைத் தட்டிச் செய்வது. அந்த மரத்தையும் கொண்டு வந்தார்கள். ஆனால் நியூசிலாந்தின் குளிருக்கு அது சரியாக வளரவில்லை, பட்டைத் துணி அந்தக் குளிரைத் தாங்கவும் போதாது. வேறு வழி தேடியாக வேண்டும். கண்ணெதிரே சதுப்பு முழுக்க ஹரகெகே நின்றது.

அப்புறம் அவர்கள் அதை விட்டுவைக்கவே இல்லை. நார் எடுக்காமல், மடலைக் கீற்றாகக் கிழித்துப் பின்னினால் கூடை, தரைப்பாய், செருப்பு. நார் எடுத்துத் திரித்தால் கயிறு, தூண்டில் நூல், கட்டுப்பணிக்கான நாண். ஆணி இல்லாத நாட்டில் படகின் பலகைகளையும் வீட்டின் மரச்சட்டங்களையும் இறுக்கிப் பிடித்தது இந்த நாண்தான். பெரிய மீன்வலைகள் குக்கின் ஆட்களையே வியக்க வைத்தன. ஒரு கிராமமே சேர்ந்து இழுக்கும் அளவு அவை நீளமானவை. காய்ந்த பூந்தண்டுகளைக் கட்டி ஆறு கடக்கத் தெப்பம் செய்தார்கள். பூவின் தேனைச் சேகரித்து இனிப்புக்குச் சேர்த்தார்கள். மடலின் அடியில் கசியும் பிசினும் வேரின் சாறும் புண்ணுக்கும் கட்டிக்கும் மருந்தாயின.

எல்லாவற்றுக்கும் மேலாக, மேலாடைகள். மிக நுண்ணிய நாரில், தறி இல்லாமல், விரல்களாலேயே இழை கோத்து முடைந்தவை. சிலவற்றில் கிவி, புறா போன்ற பறவைகளின் இறகுகள் வரிசை வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஓர் உயர்ந்த மேலாடையை முடிக்க மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கு. அவை பரம்பரைச் சொத்து. பெரியவர்களுக்குப் பரிசாகப் போகும், இறந்தவர் உடல்மேல் போர்த்தப்படும்.

நாரை எப்படி எடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த வியாபாரக் கதை முழுவதும் இதில்தான் தொங்குகிறது.

முதலில் மடலின் ஓரங்களையும் நடு நரம்பையும் கிழித்து எடுத்துவிடுவார்கள். மிச்சமுள்ள பட்டையைத் தேவையான அகலத்துக்குக் கீறிக்கொள்வார்கள். மடலுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். மங்கலான பக்கத்தில் நடுவே குறுக்காக ஒரு கீறல் விழவேண்டும். கீறல் பச்சைத் தோலை அறுக்கவேண்டும், உள்ளே இருக்கும் நாரைத் தொடக்கூடாது. கொஞ்சம் அழுத்தினால் நார் அறுந்துபோகும், அழுத்தம் குறைந்தால் தோல் பிரியாது. பிறகு ஒரு கடற்சிப்பியின் விளிம்பை அந்தக் கீறலில் பொருத்தி, மடலைச் சீராக இழுப்பார்கள். பச்சைச் சதை உரிந்து விழும், வெளிர் பட்டு போல ஒரு கற்றை நார் கையில் நிற்கும். இதற்கு முகா என்று பெயர்.

அதோடு முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே வெறுங்காலில் வைத்து, இரண்டு புரிகளை உள்ளங்கையால் ஒருபுறம் உருட்டி, மறுபுறம் திருப்பி உருட்டும்போது அவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். நாரைத் தண்ணீரில் நனைத்து, இதற்கென்றே செதுக்கிய கல்லால் தட்டித் தட்டி மென்மையாக்குவார்கள். தட்டுவதும் தேய்ப்பதும் திரும்பத் திரும்ப நடக்கும். கறுப்பு நிறம் வேண்டுமென்றால் துவர்ப்புள்ள மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, இரும்புச்சத்து நிறைந்த சேற்றில் முக்கி எடுப்பார்கள். மஞ்சளுக்கும் பழுப்புக்கும் வேறு வேறு மரப்பட்டைகள்.

எந்தப் புதரின் மடல் எதற்கு உதவும் என்பது தனிப் படிப்பு. சில வகைகளில் நார் ஏராளம், ஆனால் முரடு. சிலவற்றில் நார் சிப்பி படாமலேயே எளிதில் பிரியும். சில வகைகள் பாய்க்கும் கூடைக்கும் மட்டுமே லாயக்கு. நல்ல வகைகளுக்குத் தனிப் பெயர் வைத்து, கன்று பிரித்து நட்டு, ஊருக்கு அருகே தோட்டமாக வளர்த்தார்கள். இந்த அறிவு பெரும்பாலும் பெண்களிடம் இருந்தது.

மடல் வெட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டாமே?

உண்டு, இன்றும் கடைப்பிடிக்கிறார்கள். விசிறியின் நடுவில் இருக்கும் குருத்து பிள்ளை. அதன் இருபக்கமும் அணைத்து நிற்கும் மடல்கள் பெற்றோர். இந்த மூன்றையும் தொடக்கூடாது. வெளிப்புறத்து முதிர்ந்த மடல்கள் தாத்தா பாட்டிகள், அவற்றை மட்டும் வெட்டலாம். வெட்டு சாய்வாக வெளிநோக்கி இறங்கவேண்டும், அப்போதுதான் மழைநீர் குருத்துக்குள் தேங்கி அழுகாது. மழையிலும் இரவிலும் வெட்டுவதில்லை. குருத்தைப் பிடுங்கிவிட்டால் தேன் குடிக்கும் பறவை எங்கே போய்ப் பாடும் என்று கேட்கும் புகழ்பெற்ற மாவோரிப் பழமொழி ஒன்று உண்டு. உலகில் பெரியது எது என்று அது தொடர்ந்து கேட்டு, மனிதரே, மனிதரே, மனிதரே என்று முடிகிறது.

ஆலைக் காலத்தில் இந்த விதி என்ன ஆனது என்பதைக் கீழே பார்ப்போம்.

பிரிட்டிஷாருக்கு இந்த நாரில் ஏன் அவ்வளவு ஆசை?

கப்பல். அக்காலப் போர்க்கப்பல் ஒவ்வொன்றுக்கும் கிலோமீட்டர் கணக்கில் கயிறும் ஏக்கர் கணக்கில் பாய்த்துணியும் தேவை. பிரிட்டன் அதற்கான ஹெம்ப் நாரை, அதாவது கஞ்சாச் செடி இனத்தின் நாரை, பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வாங்கியது. போர் வந்து பால்டிக் கடல் அடைபட்டால் கடற்படையே முடங்கும். தன் கட்டுப்பாட்டில் ஒரு நார் விளைநிலம் வேண்டுமென்ற கவலை லண்டனில் எப்போதும் இருந்தது.

குக்குடன் வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் இந்தச் செடியின் பெருமையை அங்கே பேசினார். பிரெஞ்சுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1790-களில் அவர்களது பயணத்தில் வந்த தாவரவியலாளர் லபியார்டியேர் நார்களை இழுத்துப் பார்த்துச் சோதித்தபோது, நியூசிலாந்து நார் ஹெம்ப்பை விட வலுவானது, பட்டுக்கு அடுத்த நிலையில் இருக்கிறது என்று கண்டார். 1788-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் பிரிட்டிஷ் கைதிகளின் குடியேற்றம் தொடங்கிய சில வாரங்களுக்குள் பிலிப் கிட்லி கிங் என்ற அதிகாரியைப் பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே இந்தச் செடி காடாக நிற்பதை 1774-லேயே குக் குறித்து வைத்திருந்தார்.

நார்ஃபோக் தீவுக்கு இரண்டு மாவோரிகளைக் கடத்திப் போனது உண்மையா?

உண்மை. இந்த வரலாற்றிலேயே என்னை அதிகம் உலுக்குவது இந்தச் சம்பவம்தான்.

நார்ஃபோக்கில் செடி இருந்தது, வேலைக்குக் கைதிகள் இருந்தார்கள், ஆனால் யாருக்கும் நாரைச் சரியாகப் பிரிக்கத் தெரியவில்லை. ஐரோப்பாவில் ஆளியை நீரில் ஊறப்போட்டு அழுகவைத்து நார் எடுப்பார்கள். அதே முறையை இங்கே செய்தால் நல்ல நார் வரவில்லை. கற்றுத்தர ஆள் வேண்டும் என்று கிங் கேட்டுக்கொண்டே இருந்தார். 1793-ல் டீடலஸ் என்ற கப்பல் நியூசிலாந்தின் வடகரையில், கவாலி தீவுகளுக்கு அருகே, டுக்கி, ஹுரு என்ற இரு இளைஞர்களை ஆசைகாட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஒருவர் பூசாரி குலம், மற்றவர் போர்வீரர். நார் பிரிப்பது பெண்கள் வேலை. அதைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். ஒரு பேரரசு ஆளைக் கடத்தும் அளவுக்குத் தேவைப்பட்ட அறிவு யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. கிங் அவர்களைத் தம் வீட்டில் மரியாதையாகவே நடத்தினார். டுக்கி தன் நாட்டின் வரைபடத்தை வரைந்து காட்டினார். மாவோரி ஒருவர் வரைந்து இன்று கிடைக்கும் மிகப் பழைய வரைபடம் அதுதான் என்பார்கள். சுமார் ஆறு மாதம் கழித்து, அதே ஆண்டு நவம்பரில், கிங் தாமே உடன்சென்று, பன்றிகளும் விதை உருளைக்கிழங்கும் கொடுத்து இருவரையும் நியூசிலாந்தின் வடமுனைப் பகுதியில் இறக்கிவிட்டார். நார்ஃபோக்கில் கொஞ்சம் முரட்டுத் துணி நெய்ததோடு அந்த முயற்சி நின்றது.

துப்பாக்கிக்கு நார் என்ற பண்டமாற்று எப்படி நடந்தது?

1820-ல் இங்கிலாந்து சென்ற ங்காபுஹி என்ற மாவோரிக் குலத்தின் தலைவர் ஹொங்கி ஹிக்கா அடுத்த ஆண்டு நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளோடு திரும்பினார். அவர் படையெடுத்த பக்கமெல்லாம் துப்பாக்கி இல்லாத குலங்கள் அழிந்தன. அதன்பின் துப்பாக்கி வாங்குவது ஒவ்வொரு குலத்துக்கும் உயிர்ப்பிரச்சினை. சிட்னி வியாபாரிகளுக்கு நார் வேண்டும். இரண்டும் சந்தித்தன.

தொடக்கத்தில் ஒரு துப்பாக்கிக்கு ஒரு டன் சுத்தம் செய்த நார் என்று வழக்கமாகச் சொல்வார்கள். துப்பாக்கிகள் பெருகியபோது விலை இறங்கியது, இடத்துக்கு இடமும் மாறியது. ஆனாலும் ஒரு டன் நார் என்பதை, மேலே சொன்ன சிப்பி வேலையை நினைவில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். அவ்வளவும் பெண்களும் போரில் பிடிபட்ட அடிமைகளும் ஒவ்வொரு மடலாகச் சுரண்டியது. செடி இருக்கும் ஈரச் சதுப்புக்குப் பக்கத்திலேயே ஊரோடு குடிபெயர்ந்தார்கள். கிழங்குத் தோட்டங்கள் கவனிப்பாரற்றுப் போயின. பசியும் குளிரும் புதிதாக வந்த நோய்களும் சேர்ந்துகொண்டன. அந்த ஆண்டுகளில் துப்பாக்கியால் செத்தவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. துப்பாக்கியை வாங்குவதற்கான வேலையில் நலிந்து செத்தவர்களைப் பற்றியும் அதே அளவு பேசவேண்டும்.

கரையோரக் கிராமங்களில் ஐரோப்பிய வியாபாரிகள் மாவோரிக் குடும்பங்களில் மணம் செய்து, தலைவர்களின் பாதுகாப்பில் தங்கி நார் சேகரித்தார்கள். மகெட்டுவில் இருந்த டேனிஷ்காரர் பிலிப் டாப்செல் அவர்களில் பெயர்பெற்றவர்.

எலிசபெத் கப்பல் விவகாரம் என்ன?

1830-ல் ங்காட்டி டோவா குலத்தின் தலைவர் டெ ரவுபராஹா, எலிசபெத் என்ற பிரிட்டிஷ் கப்பலின் கேப்டன் ஜான் ஸ்டூவர்ட்டிடம் ஒப்பந்தம் போட்டார். அவரையும் அவர் வீரர்களையும் ரகசியமாகத் தெற்குத் தீவின் அகரோவாவுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், கூலி ஒரு கப்பல் சுமை நார். கப்பல் வியாபாரத்துக்கு வந்ததாக நம்பி ஏறிய ங்காய் டாஹு குலத்தின் தலைவர் டமாய்ஹரனுய் பிடிபட்டார். அவருடைய ஊரான டகபூனெக்கே எரிக்கப்பட்டது, மக்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு அவரும் வடக்கே கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். சிட்னியில் ஆளுநர் டார்லிங் வழக்குத் தொடர முயன்றும் ஸ்டூவர்ட் தண்டனையின்றித் தப்பினார். நியூசிலாந்தில் பிரிட்டனின் பிரதிநிதி ஒருவர் இருக்கவேண்டும் என்ற பேச்சு இதனால் வலுத்தது. 1833-ல் ஜேம்ஸ் பஸ்பி அந்தப் பதவியில் வந்து இறங்கினார்.

அந்த வியாபாரம் ஏன் சரிந்தது?

உச்சம் 1831 வாக்கில். அதன்பின் வேகமாக விழுந்தது. குலங்களிடம் போதுமான துப்பாக்கி சேர்ந்துவிட்டதால், அவ்வளவு உழைத்து நார் எடுக்க அவசியம் இல்லை. அவசரத்தில் எடுத்த நாரில் பச்சைச் சதை ஒட்டியிருந்து தரம் கெட்டது. இன்னொரு பக்கம் பிலிப்பைன்ஸிலிருந்து மணிலா நார் சந்தைக்கு வந்தது. அது வாழையின் நெருங்கிய உறவான ஒரு செடியின் மட்டையிலிருந்து கிடைப்பது. உப்புத் தண்ணீரில் நன்றாகத் தாங்கும்.

ஆலைகள் எப்போது வந்தன? உள்ளே என்ன நடந்தது?

1860-களில் மடலை உரிக்கும் இயந்திரம் உருவானது. உருளைகளுக்கு இடையே மடலை நுழைத்தால், வேகமாகச் சுழலும் இரும்புப் பல் உருளை அதை அடித்துச் சதையைச் சிதறடிக்கும். அது போடும் கீச்சிடும் அலறல் வெகுதூரம் கேட்குமாம். அதன் முன்னால் நாள் முழுக்க நின்று மடலை ஊட்டியவர்களின் காதும் விரலும் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

உரித்த நாரைத் தண்ணீரில் அலசி, புல்வெளியில் பரப்பி, வெயிலிலும் பனியிலும் நாட்கணக்கில் வெளுக்கப் போடுவார்கள். பழைய படங்களில் வயல் முழுக்க வெள்ளை வரிகளாகக் கிடப்பது இதுதான். காய்ந்ததும் இன்னோர் உருளையில் அடித்துத் தூசு நீக்கி, அழுத்திக் கட்டி, கப்பலேற்றுவார்கள். ஒரு டன் நாருக்கு எட்டொன்பது டன் பச்சை மடல் வேண்டும். அதனால் ஆலை சதுப்புக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். சதுப்பிலிருந்து மடலைக் கொண்டுவரச் சிறு தண்டவாளங்கள் போட்டார்கள்.

வடக்குத் தீவின் மனவாட்டு பகுதியில் உள்ள ஃபாக்ஸ்டன், ஷானன் ஊர்கள் இதில் தலைமை வகித்தன. ஷானன் அருகே 1907-ல் சீஃபர்ட் குடும்பத்தார் தொடங்கிய மிரானுய் ஆலைதான் நாட்டிலேயே பெரியது. தொழில் சீராக நடந்ததில்லை. மணிலா நார் வரத்து குறையும்போதெல்லாம் இங்கே கொண்டாட்டம், அது திரும்பியதும் பல ஆலைகள் மூடல். 1898-ல் அமெரிக்காவும் ஸ்பெயினும் மோதியபோது மணிலா வரத்து தடைபட்டு இங்கே பெரிய ஏற்றம் வந்தது. முதல் உலகப் போரில் மறுபடியும் ஓர் ஏற்றம்.

வெட்டும் முறையைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. ஆலைக்கூலிக்கு வெட்டியவர்கள் குருத்தோ தாத்தாவோ பார்க்கவில்லை, விசிறி முழுவதையும் அடியோடு அறுத்தார்கள். புதர் மீண்டு மறுபடி வெட்டுக்கு வரச் சில ஆண்டுகள் ஆனது.

ஆலை நாரும் கைநாரும் ஒன்றா?

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். கைநார் மிருது, மினுமினுப்பு, முழு நீளம். ஆலை நாரில் பிசினும் சதைத்துணுக்கும் ஒட்டியிருக்கும், அடியில் நார் நைந்துபோகும். இந்தக் குறையைத் தீர்க்க அரசு பரிசு அறிவித்தது, 1870 வாக்கில் விசாரணைக் குழு அமைத்தது. மாவோரிப் பெண்களின் தரத்தில் நார் தரும் இயந்திரத்தை யாராலும் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு மடலையும் பார்த்து அழுத்தத்தை மாற்றுகிற கை ஒரு தொழில்நுட்பம். அதைப் பழைய வழக்கம் என்று ஒதுக்கிவிட்டு, அதே தரத்தை இரும்பிடம் எதிர்பார்த்தார்கள்.

ஆலை நாரை வைத்து என்ன செய்தார்கள்?

கயிறு, மூட்டை கட்டும் சரடு, முக்கியமாக அறுவடை இயந்திரத்தில் கதிர்க்கட்டு கட்டும் நூல். கழிவுக் குறுநார் மெத்தைக்குள்ளும், பிளாஸ்டர் கூரைப் பலகைக்குள் பிடிமானத்துக்கும் போனது. தரைவிரிப்பும் நெய்தார்கள். பிற்காலத்தில் ஃபாக்ஸ்டனில் கம்பளி மூட்டைக்கான சாக்கு நெய்தார்கள். அதுவரை அந்தச் சாக்கு வங்காளத்துச் சணலில் நெய்து வந்துகொண்டிருந்தது. 1930-களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தித்தான் உள்ளூர்ச் சாக்கு பிழைத்தது.

பிறகு ஏன் எல்லாம் மூடப்பட்டன?

மஞ்சள் இலை நோய், விலைச்சரிவு, பால்பண்ணை. நோய் மனவாட்டுச் சதுப்புகளை 1920-களில் பாழாக்கியது. காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர், பரப்புவது ஒரு தத்துப்பூச்சி. நம் கத்திரியில் வரும் சிற்றிலை நோயும் இதே வகை நுண்ணுயிரால், தத்துப்பூச்சி வழியாகத்தான் பரவுகிறது. உலகப் பொருளாதார மந்தத்தில் மிரானுய் 1933-ல் மூடியது. சதுப்புகளை வடித்து மேய்ச்சல் நிலமாக்கினார்கள். மிச்சமிருந்த தேவையைச் செயற்கை இழை முடித்துவைத்தது.

நியூசிலாந்துக்கு வெளியே பயிரிட்டார்களா?

அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தீவில் பெரிய அளவில். பிரிட்டிஷ் தபால் துறைக்குக் கட்டுக்கயிறு அங்கிருந்து போனது. தபால் துறை வேறு கயிற்றுக்கு மாறியதும் 1966-ல் அந்தத் தீவின் தொழில் அப்படியே நின்றது.

கைநார் அறிவு அழிந்துவிட்டதா?

அழியவில்லை, ஆனால் சில பத்தாண்டுகள் மிக மெல்லிய இழையில் நின்றது. ங்காட்டி மனியபோட்டோ குலத்தின் ரங்கிமாரியெ ஹெடெட் (1892–1995), அவர் மகள் டிக்கரெஸ் டெ கனாவா போன்ற நெசவாளர்கள் 1950-களிலிருந்து தங்கள் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கும் கற்றுக்கொடுக்க முன்வந்தார்கள். கிஸ்போர்னைச் சேர்ந்த ரெனே ஆர்க்கிஸ்டன் அதே காலத்தில் ஊர் ஊராகப் போய், மூதாட்டிகளிடம் கேட்டு, பழைய நெசவு வகைகளின் கன்றுகளைத் தம் தோட்டத்தில் சேர்த்தார். 1980-களில் அவற்றை நாட்டுக்கே கொடுத்தார். அவர் திரட்டிய ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகளும் லிங்கனில் உள்ள ஆய்வு நிறுவனத்தில் வளர்கின்றன, அங்கிருந்து கன்றுகள் நெசவாளர்களுக்குப் போகின்றன.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ஃபாக்ஸ்டனில் பழைய உரிக்கும் இயந்திரத்தை ஓட்டிக்காட்டும் அருங்காட்சியகம் இருக்கிறது. வெலிங்டனின் டெ பாபா தேசிய அருங்காட்சியகத்தில் பழைய மேலாடைகள் உள்ளன. செடியைப் பார்க்க எங்கும் போகவேண்டாம், சாலையோரத்திலேயே நிற்கும். இரண்டு இனங்களையும் பிரித்தறிய விதைக்காயைப் பாருங்கள். குட்டையாகக் கறுத்து வானம் பார்த்து நின்றால் ஹரகெகே. நீண்டு முறுக்கிக்கொண்டு கீழே தொங்கினால் ஃபரரிக்கி, அதில் நார் குறைவு.